வீடுபேறும் சமூக நீதியும்

வீடு என்பது விடுதல் எனப் பொருள்படும். உயிர் பாசத்தை விட்டுச் சிவத்தைச் சார்தலே வீடு என்பது நம் சித்தாந்தத் துணிபு. விடுதலை என்னும் இதே சொல்லைப் பிற சமயத்தாரும் தத்தம் நெறிக்கேற்ப விரித்துரைப்பர். தென்னமெரிக்காவில் பெரு நாட்டுப் பாதிரியாராகிய குஸ்தாவோ குத்தியரெஸ் என்பார், ஏழைகளை வறுமையினின்றும் கொடுமையினின்றும் மீட்டலும் இறைவன் அருளும் விடுதலையின் பாற்பட்டதே என்று 1971-இல் வெளிவந்த தம் நூலில் வாதித்தார். அக்கொள்கை விடுதலை இறையியல் எனப் பெயர் பெற்றது. 1980-களில் நம் நாட்டுக் கிறித்தவரிடையே அது தலித் இறையியலாகக் கிளைத்தது.

இதனைக் கேட்ட சைவ அன்பர் சிலர், "நாம் கூறும் வீடு உயிரைப் பற்றியது, ஊர் வழக்கோடு அதற்கு இயைபு என்னை?" என்பர். வேறு சிலர், "ஒருவன் தாழ்ந்த நிலையில் இருத்தல் அவனது வினைப்பயன், அதனை மாற்றப் புகுதல் இறைவன் ஆணைக்கு மாறாம்" என்பர். இவற்றுள் பின்னதனை முன்னர் ஆராய்வாம்.

வினை சடமாதலின் தானே வந்து பற்றாது. அதனை ஊட்டுவோன் இறைவன். அவ்வூட்டுதலும் பகைமையான் அன்று; மருத்துவன் நோயாளிக்கு மருந்தூட்டுதல் போல, மலபரிபாகத்தின் பொருட்டேயாம். ஒருவனது சஞ்சிதத்தினின்று யாது எப்பொழுது பிராரத்தமாய் வந்தது என்பதனை முற்றறிவுடைய அவன் ஒருவனே அறிவன். அங்ஙனமாக, அயலானைக் கோயில் வாயிலில் தடுத்து நிறுத்தி, "இஃது இவன் வினை" என்பவன், இறைவனது நீதியாசனத்தில் தான் ஏறியமர்ந்தவன் ஆகின்றான். தடுக்கப்பட்டவனுக்கு அது பிராரத்தமே ஆயினும், தடுத்தவனுக்கு அஃது ஆகாமியமாம். கொலையுண்டவனது ஊழ் கொலைஞனைத் தண்டத்தினின்று காவாதவாறு போல என்க. இன்னும், பசித்தவனுக்குச் சோறிடுதலையும் பிணியாளனுக்கு மருந்தளித்தலையும் வினைக்கு மாறென்று எவரும் கூறிற்றிலர். அன்னம்பாலிப்பை அறமென்று கொண்டாடுவோர், மானம் இழந்தவனுக்கு அதனை மீட்டளித்தல் மட்டும் வினைக்கு முரணென்றல் யாங்ஙனம் பொருந்தும்?

இனி, வீட்டிற்கும் ஊர் வழக்கிற்கும் இயைபு என்னை என்னும் வினாவிற்கு விடை கூறுவாம். சாதி உடம்பைப் பற்றியது. உடம்பு மாயையின் காரியம். உயிரை மறைப்பது ஆணவம். அம்மறைப்பு எல்லா உயிர்க்கும் பொது. மாயாகாரியமாகிய வேறுபாட்டை உயிரின் வேறுபாடாகக் கொள்ளுதல் திரிபுணர்ச்சியே. சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரம், மலம் நீங்கிய ஞானி அடியாரோடு கூடி, அவர்தம் திருவேடத்தையும் திருக்கோயிலையும் சிவன் எனவே கண்டு தொழும் நிலையைக் கூறும். அடியாரையும் ஆலயத்தையும் நூலாசிரியர் ஒருங்கு வைத்தார். ஆலயத்தைத் தொழுதுகொண்டே அடியாரை அதன் வாயிலில் மறிப்பவன், மெய்கண்டார் ஒருங்கு வைத்ததனைப் பிளப்பவன் ஆவான். அவன் முப்பொழுதும் நீறணியினும், பன்னிரு திருமுறையும் மனனஞ் செய்யினும், அச்சூத்திரத்தை ஓதாதவனே.

இஃது ஏட்டளவில் நிற்கும் வினா அன்று. விழுப்புரத்தை அடுத்த மேல்பாதி என்னும் ஊரில், 2023 ஏப்ரல் மாதம், தருமராசா திரௌபதியம்மன் கோயிலுட் புகுந்து வழிபடச் சென்ற பட்டியல் வகுப்பினர் தாக்கப்பட்டனர். வழக்கு முற்றவே, ஜூன் 7 அன்று அதிகாரிகள் கோயிலைப் பூட்டி முத்திரையிட்டனர். 2024 மார்ச்சில் உயர்நீதிமன்ற ஆணைப்படி பூசைக்கு மட்டும் கதவு திறந்தது. 2025 ஏப்ரலில், காவலர் சூழ நிற்க, அவ்வகுப்பினர் உட்சென்று வழிபட்டனர். அஃது அம்மன் கோயிலாயினும், படிப்பினை நமக்கும் உரியது. அடியவர் இறைவன் திருமுன் செல்லுதற்குக் காவலர் துணை வேண்டப்படுமாயின், அங்கே சமயத்தார் செய்யத் தவறிய கடமையைச் சட்டம் செய்கின்றது என்பதே பொருள்.

"ஆகமங்களிற் சில இடங்களில் குலம்பற்றிய வரம்பு கூறப்பட்டுளதே" எனின், உளது. ஆயினும், அவ்வரம்பினும் அருள் பெரிது என்பதனை நம் சந்தானக் குரவரே செய்துகாட்டினர். கொற்றவன்குடி உமாபதி சிவம், தம் மடத்திற்கு விறகு கொணர்ந்த பெற்றான் சாம்பானுக்குத் தீக்கை செய்து முத்தியளித்தார் என்பது வரலாறு. அவனை இழிகுலத்தான் என்று ஊர் விலக்கியது. ஆசாரியரோ அவனது பக்குவம் ஒன்றனையே நோக்கினார்.

அண்மைக் காலத்தில் இவ்வறத்தை மேற்கொண்டு வாழ்ந்தவர் சுவாமி சகஜானந்தர் (1890–1959). ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில், தாழ்த்தப்பட்ட குடியிற் பிறந்த இவர், திண்டிவனத்தில் கிறித்தவ மிஷன் பள்ளியிற் பயின்றார். மதம் மாறுமாறு கூறப்பட்டபோது இசையாது அப்பள்ளியை நீங்கினார் என்பர். பின்னர்ச் சென்னை வியாசர்பாடிக் கரபாத்திர சுவாமிகளை அடுத்துத் துறவு பூண்டார். சிதம்பரத்தில் 1916-இல் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவித் தம் மக்களுக்குக் கல்விக்கண் திறந்தார். சட்டமன்றத்தினும் அவர்பொருட்டு வழக்காடினார். தம்மைத் தாழ்த்திய சமயத்தை அவர் துறந்திலர். அது செய்த தாழ்வை ஏற்றுக்கொண்டதும் இலர். திருநாளைப்போவார் தீப்புகுந்து சென்ற ஊரில், பின்வரும் மக்கள் தீப்புகாது செல்லுமாறு பள்ளியொன்று அமைத்தார். நாயனார்க்குச் செய்யத்தக்க வழிபாடு இதனினும் மேலானது யாது?

இவ்விடத்து ஒரு வரம்பும் கூறுதல் வேண்டும். புறத்தளை நீங்கினால் எல்லாந் தீரும் என்பது நம் கொள்கையன்று. ஆணவம் வேரோடு நிற்கும்வரை, தளை நீங்கியவனே பிறர்க்குத் தளையிடுவான். சமயம் மாறினும் இஃது ஒழிதல் இல்லை. அந்நாளில் விழுப்புரம் மாவட்டத்தினதாயிருந்து இந்நாளில் கள்ளக்குறிச்சியைச் சார்ந்த எறையூரில், தலித் கத்தோலிக்கர் தமக்குத் தனிப்பங்கு வேண்டினர். அதுபற்றி எழுந்த கலகத்தில் 2008 மார்ச் 9 அன்று காவலர் சுட்டதனால் எதிர்த்தரப்பினர் இருவர் மாண்டனர். ஒரே பலிபீடத்தின்முன் மண்டியிட்டோரையும் ஆணவம் பிரித்தது. பிறர் குறை கண்டு மகிழ்தற்கு இது கூறிற்றிலேம். பகை எங்குளது என்று காட்டுதற்கே கூறினேம். ஆதலின், அகத்தே ஆணவ நீக்கமும் புறத்தே அநீதி நீக்கமும் ஒருங்கே நிகழ்தல் வேண்டும். முன்னதின்றிப் பின்னது நிலைபெறாது. பின்னதின்றி முன்னது மெய்யன்று.

சைவ நன்மக்கள் செய்யத்தக்கன அரியவல்ல. தடுக்கப்பட்டவரைத் தாமே கைப்பற்றித் திருமுன் அழைத்துச் செல்லுதல்; குருபூசைப் பந்தியில் உடனிருந்து உண்ணுதல்; சேரிச் சிறுவர்க்குத் திருமுறையை முறையாகப் பாடஞ்சொல்லுதல்; பக்குவமுடையார்க்குக் குலம் வினவாது தீக்கை செய்வித்தல். இவை செய்யுங்கால் உறவினர் சிலர் முகஞ்சுளிப்பர். அச்சுளிப்பைத் தாங்குதலே நம் காலத்துத் தவம்.

விழுப்புரத்தின் எல்லையில், பெண்ணைக் கரையில் உள்ளது திருவெண்ணெய்நல்லூர். மெய்கண்டார் வாழ்ந்த அவ்வூரில், அவர்க்கு முன்னரே ஒரு வழக்கு நிகழ்ந்தது. முதிய வேதியராய் வந்த இறைவன், ஆதிசைவ குலத்து நம்பியாரூரரை வழிவழி அடிமையென அவையில் ஓலை காட்டி நிறுவினான். குலத்தால் உயர்ந்தாரும் அடிமையே என்பது அன்று தீர்ந்த வழக்கு. ஓர் ஆண்டானுக்கு அடிமைப்பட்டாருள், ஒருவர் மற்றொருவர்க்கு ஆண்டான் ஆதற்கு ஓலை எங்குளது? உளதென்பார் அதனை அவ்வவையில் காட்டுவாராக.

திருச்சிற்றம்பலம்.