இந்திரஜித்தை வீழ்த்திய அம்பில் பாதி



முன் வரிசையில் யார் பட்டாளத்துக்காரர் என்று சொல்லவே வேண்டாம், உட்கார்ந்திருக்கிற தோரணையிலேயே தெரிகிறது. எண்பது வயசிலும் முதுகு நாற்காலியில் சாயவில்லை. பின்னாடி தூணில் சாய்ந்துகொண்டு செல்போன் பார்க்கிற தம்பிகள் கொஞ்சம் கவனியுங்கள். அதைப் பையில் போடுங்கள். ஒரு மணி நேரம் அது இல்லாமல் உயிர் போய்விடாது.

இன்றைக்கு எனக்குக் கொடுத்த தலைப்பு இந்திரஜித் வதம். நிகும்பலை யாகம், விபீஷணன் வழி காட்டியது, இளைய பெருமாள் தொடுத்த பாணம் எல்லாம் உங்களுக்கு மனப்பாடம். இந்தச் சபையில் நான் சொல்ல வந்தது வேறே. அந்த அம்பு யாருடையது? லட்சுமணனுடையது என்பீர்கள். பாதிதான் சரி. பாதி ஊர்மிளையுடையது.

என்ன, புதுசாக இருக்கிறதா? பதினாலு வருஷம் கண் உறங்காதவன்தான் இந்திரஜித்தைக் கொல்ல முடியும் என்று ஒரு கதை உண்டு அல்லவா? காட்டில் முதல் நாள் ராத்திரி நித்திரா தேவி வந்து நிற்கிறாள். "அப்பா, தூக்கம் இயற்கை. உன் பங்குத் தூக்கத்தை நான் என்ன செய்ய?" என்கிறாள். "அயோத்தியில் என் மனைவி இருக்கிறாள், அவளிடம் போய்க் கேள், வாங்கிக்கொள்வாள்" என்கிறான் லட்சுமணன். அவள் ஒரு கேள்வி கேட்டாளா? ஒரு முணுமுணுப்பு உண்டா? "என் புருஷன் பங்கா? கொடு" என்று வாங்கிக்கொண்டாள். ஆந்திர தேசத்துப் பெண்கள் இந்தக் கதையைத் தலைமுறை தலைமுறையாகப் பாட்டாகவே பாடுகிறார்கள். வால்மீகியும் கம்பரும் அவளை அயோத்தியிலேயே விட்டுவிட்டுக் காட்டுக்குப் போய்விட்டார்கள். பெண்கள் விடவில்லை. தங்களில் ஒருத்தி என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், அம்பில் பாதி அவளுடையது.

அம்மா, அந்தக் குழந்தை அழுகிறதே, கொஞ்சம் காற்றோட்டமாக வெளியே கொண்டுபோய் வாருங்கள். கதை எங்கேயும் ஓடிவிடாது.

வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டை இருக்கிறது. ராணுவப்பேட்டை என்றே பேர் எடுத்த ஊர். அந்த மாதிரி ஊர்களில் நான் பேசப் போகும்போது கிழவர்களைவிடக் கிழவிகளைத்தான் அதிகம் பார்ப்பேன். ஊர்மிளை தூங்கினாள் என்பது கதை. நம்முடைய ஊர்மிளைகளுக்கு எங்கே தூக்கம்? பட்டாளத்துப் புருஷன் இருப்பது பனி மலையில். ரெண்டு மாச லீவில் கறுப்பு டிரங்குப் பெட்டியோடு வருவார். பெட்டி மேலே வெள்ளைப் பெயின்டில் பேரும் நம்பரும். வந்த முதல் வாரம் பிள்ளை அப்பாவைப் பார்த்தால் அம்மா முந்தானைக்குப் பின்னால் ஒளியும். பழகி, தோளில் ஏறி உட்கார ஆரம்பிக்கும்போது லீவு முடிந்துவிடும். மறுபடி காட்பாடியிலே ரயில். அதற்கப்புறம் கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ. என்று ஒரு விலாசம், ஒரு இன்லேண்ட் கடிதம். அவர் எந்த மலையில் இருக்கிறார் என்று அந்த விலாசம் சொல்லாது. பசு கன்று போட்டதும், மாமனாருக்குக் கண் ஆபரேஷன் ஆனதும் எழுதுவாள். தனக்கு நாலு நாளாகக் காய்ச்சல் என்பதை எழுத மாட்டாள். ஏன்? அங்கே அவர் மனசு கலங்கக் கூடாது. இது தவம் இல்லையா? காட்டில் போய் உட்கார்ந்தால்தான் தவமா?

முன் வரிசையில் தலை ஆடுகிறது. கண்ணைத் துடைக்க வேண்டாம் ஐயா, இன்னும் இருக்கிறது.

பெரிய இடத்துக் கதை ஒன்று சொல்கிறேன். நம் நீலகிரியிலேயே வாழ்ந்து நம் மண்ணிலேயே அடங்கினவர், ஃபீல்டு மார்ஷல் சாம் மானெக்‌ஷா. பார்சிக்காரர். 1914-இல் அமிர்தசரஸில் பிறந்தார். அப்பா டாக்டர். பிள்ளைக்கும் டாக்டர் ஆகத்தான் ஆசை, லண்டனுக்கு அனுப்பச் சொன்னார். அப்பா, நீ சின்னப் பையன், இப்போது வேண்டாம் என்றுவிட்டார். அந்தக் கோபத்தில் ராணுவத் தேர்வு எழுதி, 1932-இல் டேராடூனில் தொடங்கின அகாடமியின் முதல் அணியிலேயே சேர்ந்தார். அப்பா தடுத்ததால் நமக்கு ஒரு தளபதி கிடைத்தார். பிள்ளைகளை எதற்கும் தடுக்கலாமா கூடாதா என்று கேட்டு என்னிடம் வராதீர்கள். பகவான் எந்தக் கதவைச் சாத்தி எந்தக் கதவைத் திறக்கிறான் என்பது அவனுக்குத்தான் தெரியும்.

1937-இல் லாகூரில் ஸில்லூ என்ற பெண்ணைச் சந்திக்கிறார். பம்பாயில் படித்தவர், ஓவியம் கற்றவர். 1939 ஏப்ரல் 22-ஆம் தேதி கல்யாணம். செப்டம்பரில் உலக யுத்தம். மஞ்சள் காயவில்லை என்று நாம் சொல்வோமே, அதே கணக்கு. 1940 ஜனவரியில் மூத்த பெண் பிறக்கிறாள். 1942 பிப்ரவரியில் பர்மாவில் சித்தாங் ஆற்றங்கரை. ஜப்பான்காரனின் இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகள் வயிற்றிலும் நெஞ்சிலும் பாய்ந்துவிட்டன. பிழைக்க மாட்டார் என்று நினைத்துத் தளபதி கோவன் தன் மார்பில் இருந்த மிலிட்டரி கிராஸ் பதக்க நாடாவையே கழற்றிக் குத்திவிட்டார். இறந்தவனுக்கு அந்தப் பதக்கம் கிடையாதாம். கூட இருந்த சிப்பாய் தூக்கிக்கொண்டு ஓடினான். ஆஸ்திரேலிய டாக்டர், "உனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். கோவேறு கழுதை உதைத்துவிட்டது என்றாராம் இவர்! இப்படிச் சிரிக்கத் தெரிந்தவனைக் காப்பாற்றியே ஆக வேண்டும் என்று டாக்டர் கத்தியை எடுத்தார்.

சிரித்தீர்கள், சந்தோஷம். இப்போது சொல்லுங்கள், அந்த நேரத்தில் ஸில்லூ அம்மாள் எங்கே? யாராவது சொல்லுங்கள். தெரியாது, இல்லையா? சித்தாங் ஆற்றங்கரை எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. கழுதை எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. இரண்டு வயசுப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு தகவலுக்குக் காத்திருந்த அந்த இளம் தாயைப் பற்றி எத்தனை வரி? கம்பரில் ஊர்மிளைக்கு எத்தனை பாட்டோ அத்தனை வரி. அம்பில் பாதி அவளுடையது என்று மறுபடி மறுபடி நான் ஏன் சொல்கிறேன் என்று இப்போது தெரிகிறதா?

இன்னொன்று. யுத்தத்தில் எதிரி எதிரே நிற்பான், சுடலாம். பழிச்சொல் வந்தால் யாரைச் சுடுவது? 1962-க்குக் கொஞ்சம் முன்னால் அவர் வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜுக்குத் தலைவராக இருந்தபோது அவர் மேல் விசாரணை வந்தது. நாட்டுக்கு விசுவாசம் இல்லாதவர் என்கிற அளவுக்குப் பேச்சு. முப்பது வருஷத்து உழைப்பு, உடம்பெல்லாம் தழும்பு, அவரைப் பார்த்து இந்தக் கேள்வி. விசாரித்தார்கள், குற்றமற்றவர் என்றே முடிந்தது. 1962 கடைசியில் சீனாவோடு நடந்த யுத்தத்தில் அடிபட்டுப் போன படைப்பிரிவுக்குத் தெம்பூட்ட அவரையே அனுப்பினார்கள். நிரூபணம் பிறகு வந்தது. அது வருகிற வரைக்கும் ஒரு மனுஷன் சாயங்காலம் வீட்டுக்குத்தானே வந்தாக வேண்டும்? ஊரே சந்தேகமாகப் பார்க்கிறபோது வாசலில் நிற்கிற ஒருத்தி சந்தேகப்படாமல் பார்த்தால், அவன் மறுநாள் நிமிர்ந்து போவான். வாழ்க்கைத் துணைநலத்தை வள்ளுவர் 6-ஆம் அதிகாரமாக வைத்தார். படைச்செருக்கு எத்தனையாவது? 78. வீடு நின்ற பிறகுதான் ஐயா வீரம் நிற்கும்!

1971 ஏப்ரலில் பிரதமர் இந்திரா காந்தி அமைச்சரவையோடு உட்கார்ந்திருக்கிறார். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகள் வந்து குவிகிறார்கள். உடனே புறப்பட முடியுமா என்ற கேள்வி. சாம் அப்போது ராணுவத் தளபதி. முடியாது என்றார். மழைக்காலம் வந்தால் அங்கே ஆறுகள் கடலாகிவிடும், படையும் ஆயுதமும் போய்ச் சேர ரயில் வேண்டும், வடக்கே பனி விழுந்து கணவாய்கள் அடைபட்டால்தான் சீனா பக்கம் கவலை இல்லாமல் இருக்கலாம் என்று கணக்குச் சொன்னார். பதவியை விட்டு விலகவும் தயாராக இருந்ததாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். காலம் அறிதல்! அந்த அதிகாரத்தை அவர் வாசித்தாரோ இல்லையோ, வாழ்ந்து காட்டினார். டிசம்பர் 3 தொடக்கம், 16-ஆம் தேதி டாக்காவில் முடிவு. சுமார் 93,000 பேர் சிறைப்பட்டார்கள்.

நாற்காலியை விட்டு எழுந்து போகத் தயார் என்று ஒருவனால் எப்போது சொல்ல முடியும்? பதவி போனாலும் வீட்டில் தன் மரியாதை குறையாது என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும். "ஐயோ, பங்களா போய்விடுமே, கார் போய்விடுமே" என்று வீட்டில் ஒரு குரல் கேட்டால் வெளியே வாய் திறக்காது. கைகேயி கேட்ட இரண்டு வரத்தில் ஒரு சக்கரவர்த்தி விழுந்தார். சுமித்திரை சொல்லி அனுப்பிய ஒரு வார்த்தையில் ஒரு பிள்ளை பதினாலு வருஷம் நின்றான். வீட்டுக் குரலுக்கு அவ்வளவு பலம். தாய்மார்களே, இது உங்களுக்கு.

ஆண்களுக்கும் சொல்கிறேன், தப்பித்துவிட முடியாது. கிஷ்கிந்தையில் சீதையின் நகை முடிச்சை அவிழ்த்தார்களே, இளைய பெருமாள் எதை மட்டும் அடையாளம் காட்டினார்? ஆமாம், சரியாகச் சொன்னீர்கள், காற்சிலம்பு! அண்ணியின் பாதத்துக்கு மேலே அவர் பார்த்ததில்லை. 1971 யுத்தத்தில் மானெக்‌ஷா தன் வீரர்களுக்குப் போட்ட உத்தரவு, அந்த நாட்டுப் பெண்களை எதிரே கண்டால் கை பைக்குள் இருக்கட்டும் என்பது. வீட்டில் ஒருத்தியை மதிக்கத் தெரிந்தவன்தான் வெளியே எல்லாரையும் மதிப்பான். பார்சிகளின் மதம் நல்ல எண்ணம், நல்ல சொல், நல்ல செயல் என்று மூன்றைச் சொல்கிறது. நாம் மனோ வாக்கு காயம் என்கிறோம். தீபம் வேறே, வெளிச்சம் ஒன்றுதான்.

1973 ஜனவரியில் நாட்டின் முதல் ஃபீல்டு மார்ஷல் ஆனார். தில்லியில் இருந்திருக்கலாம், பம்பாயில் இருந்திருக்கலாம். குன்னூர் வந்து தங்கினார்கள் இரண்டு பேரும். 34 வருஷம் ஊர் ஊராகப் பெட்டி கட்டின அம்மாளுக்கு அப்போதுதான் பெட்டியைப் பிரித்து வைக்க ஒரு வீடு நிலைத்தது. 2001-இல் அந்த அம்மாள் போய்விட்டார். 2008 ஜூன் 27-இல், 94 வயசில், வெலிங்டன் ராணுவ ஆஸ்பத்திரியில் அவரும் போனார். உதகமண்டலத்து பார்சி மயானத்தில் அவர் மனைவிக்குப் பக்கத்திலேயே அவரை வைத்தார்கள். தேசத்தின் எந்த மைதானத்திலும் அவருக்கு இடம் கொடுத்திருப்பார்கள். அவருக்கு வேண்டிய இடம் அதுதான். அந்தப் பக்கம் போகிறவர்கள் படகு விட்டுவிட்டு மட்டும் திரும்பி வராதீர்கள்.

முடிக்கிறேன். மணி ஆகிவிட்டது, பிரசாதம் ஆறுகிறது என்று கண்ணாலேயே சொல்கிறார்கள்.

படைவீரர்களே, உங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஊர்மிளையை எழுதாமல் விட்டது கவிகளின் விருப்பம். உங்கள் வீட்டு ஊர்மிளையை எழுதாமல் விட உங்களுக்கு உரிமை இல்லை. இன்றைக்கு ராத்திரி வீட்டுக்குப் போனதும் அந்த டிரங்குப் பெட்டியைத் திறந்து டிஸ்சார்ஜ் புக்கையும் பென்ஷன் ஆர்டரையும் எடுங்கள். அவள் பெயர் இருக்கிறதா பாருங்கள். ஆதாரில் செல்லம்மாள், ராணுவ ரெக்கார்டில் செல்லம்மா என்று இருந்தால், நீங்கள் போன பிறகு அந்த ஒரு எழுத்துக்காக அவள் ஆபீஸ் ஆபீஸாக அலைவாள். பிறந்த தேதி ஒத்துப்போகிறதா பாருங்கள். பாங்க் கணக்கு இரண்டு பேர் பெயரிலும் இருக்கட்டும். நவம்பர் மாசம் உயிர்வாழ் சான்று கொடுக்கப் போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள், எந்த ஜன்னல், எந்தப் படிவம் என்று அவளுக்கும் தெரியட்டும். தப்பு இருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் போய்க் கேளுங்கள், வழி சொல்வார்கள். நீங்கள் உயிரோடு இருக்கும்போதே முடிக்க வேண்டிய காரியம் இது.

அம்பில் பாதி அவளுடையது. அந்தப் பாதியை அவள் பேரில் எழுதிவிட்டுத் தூங்குங்கள். எல்லாரும் நன்றாக இருங்கள். ஜெய் ஸ்ரீராம்.