தீட்டப்படாத மணல்

வடமராட்சி கிழக்கிலுள்ள மணற்காட்டின் குன்றுகளை நீர்வண்ணத்தில் வரையும் ஓவியன் மணலைப் பெரும்பாலும் தீட்டுவதில்லை. தாளின் வெண்மையே மணலாகிவிடுகின்றது. அதன்மேல் அடம்பன் கொடியையும் இராவணன் மீசையையும் அக்கிறிலிக் கொண்டு அழுத்தமாக எழுதுகின்றான். நீர்வண்ணம் ஒளியை ஊடுருவ விடும். அக்கிறிலிக்கோ காய்ந்தபின் நீரிற் கரையாத படலமாகி அடியிலுள்ளதை மூடவல்லது. இக்கலவை அழகானதே. ஆயின், உண்மையானதா?

குன்றிலே செடி முளைத்தது என்பது பாதி உண்மை. செடி காற்றின் வேகத்தைத் தணிக்க, மணல் அவ்விடத்தே விழுகின்றது. புதையுண்ட தண்டு கணுக்களில் வேரூன்றி மீண்டும் மேலெழ, குன்றும் உயர்கின்றது. எனவே, செடி குன்றின் அணிகலனன்று. அதனை ஆக்கும் காரணங்களுள் ஒன்று. (அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்ற நம்மவர் இதனை ஓவியரினும் நன்கு கண்டிருந்தனர் போலும்.)

தாவரவியல் கற்பிப்பது ஓவியன் கடனன்று என்பர் சிலர். ஒப்பலாம். ஆனால், மணலை வெற்றிடமாகவும் செடியை அலங்காரமாகவும் காணப் பழகிய கண்தான், அக்குன்றுகளிலிருந்து மணல் அகழ்ந்து ஏற்றப்படும்போதும் 'வெறும் மணல்தானே' என்று அமைதி கொள்கின்றது. மண்ணுள் ஓடும் தண்டினை மெல்லியதொரு நீர்வண்ணக் கோடாகவேனும் அவ்வெண்தாளிற் காட்ட இயலும். அதனாற் படத்தின் அழகு சிறிது குறையலாம். அக்குறைவை ஏற்க ஓவியன் கடமைப்பட்டவன் என்றே கருதுகின்றேன்.