மாமனார் சொன்ன யோசனை

யாத்திராகமத்தின் 18ஆம் அதிகாரத்தில் ஒரு மாமனார் மருமகனைப் பார்க்க வருகிறார். மாமனார் எத்திரோ, மீதியான் நாட்டு ஆசாரியர். மருமகன் மோசே. எகிப்தியன் ஒருவனைக் கொன்றுவிட்டு ஓடிவந்த அந்நியனுக்குச் சாப்பாடு போட்டு, தங்க இடம் கொடுத்து, மகள் சிப்போராளையும் கட்டிவைத்த வீடு அவருடையது. வந்த மறுநாள், மருமகன் ஒற்றை ஆளாக உட்கார்ந்து காலை முதல் சாயங்காலம் வரை வழக்குக் கேட்பதையும், ஜனங்கள் கால்கடுக்க நிற்பதையும் பார்க்கிறார். இது யாருக்கும் நல்லதல்ல என்று அவருக்குத் தோன்றுகிறது. ஆயிரம் பேருக்கு ஒருவர், நூறு பேருக்கு ஒருவர், ஐம்பதுக்கு, பத்துக்கு என்று தலைவர்களை வைக்கச் சொல்கிறார். லஞ்சத்தை வெறுப்பவர்களாகத் தேர்ந்தெடுக்கவும் சொல்கிறார். சிக்கலான வழக்கு மட்டும் மோசேயிடம் வந்தால் போதும். மோசே மறுபேச்சுப் பேசாமல் அப்படியே செய்கிறார்.

இஸ்ரவேலரின் நீதி ஏற்பாடு ஒரு மீதியானியரின் யோசனையில் பிறந்தது என்பதை வேதாகமம் ஒளிக்கவில்லை. எண்ணாகமத்தின் 31ஆம் அதிகாரத்தைப் படிக்கும்போது இது நினைவில் இருக்க வேண்டும். மோசேயின் கட்டளைப்படி மீதியானியர் அழிக்கப்படும் அதிகாரம் அது.

சண்டைக்குக் காரணம் 25ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. சித்தீமில் தங்கியிருந்த இஸ்ரவேலர் மோவாப் பெண்களோடு பழகி, அவர்களுடைய தெய்வமான பாகால்பேயோருக்கு நடந்த பலி விருந்துகளில் கலந்துகொள்கிறார்கள். கலந்துகொண்டவர்களைக் கொல்லும்படி மோசே தம் நியாயாதிபதிகளுக்குச் சொல்கிறார். அந்த நேரத்தில் சிமியோன் கோத்திரத்துத் தலைவன் சிம்ரி, மீதியான் தலைவன் சூருடைய மகள் கஸ்பியை எல்லார் கண்முன்னும் பாளயத்துக்குள் அழைத்துவருகிறான். ஆசாரியர் குடும்பத்துப் பினெகாஸ் ஈட்டியோடு பின்தொடர்ந்துபோய் இருவரையும் ஒரே குத்தில் கொல்கிறான். அதற்குள் கொள்ளைநோய்க்கு 24,000 பேர் பலியாகியிருக்கிறார்கள்.

தொடங்கியது மோவாப் பெண்களால். பழி விழுந்ததோ மீதியான்மேல். மோவாபை வருத்த வேண்டாம் என்று உபாகமம் 2இல் கட்டளையே இருக்கிறது. பிற்காலத்தில் ஒரு மோவாபியப் பெண்ணான ரூத், தாவீதின் வம்சத்துக்கே மூதாதை ஆகிறாள். சிம்ரி செய்ததற்காகச் சிமியோன் கோத்திரத்தின் மேல் யாரும் படையெடுக்கவில்லை. நம்மவன் தப்புச் செய்தால் யார் செய்தான் என்று விசாரிப்பதும், அடுத்தவர் தப்புச் செய்தால் எந்த இனம் என்று கேட்பதும் எந்தக் காலத்திலும் நடப்பதுதான். இங்கே கூடுதலாக ஒன்று உண்டு. விசாரித்துத் தண்டிக்கச் சொல்லி நியமிக்கப்பட்ட நியாயாதிபதிகள் எத்திரோவின் யோசனையால் வந்தவர்கள். அந்த விசாரணை இஸ்ரவேலருக்குக் கிடைத்தது, எத்திரோவின் இனத்தாருக்குக் கிடைக்கவில்லை.

கோத்திரத்துக்கு ஆயிரம் பேராக 12,000 பேர் பினெகாஸோடு போகிறார்கள். ஐந்து ராஜாக்களையும் ஆண்கள் எல்லாரையும் கொன்று, ஊர்களைக் கொளுத்தி, பெண்களையும் குழந்தைகளையும் பிடித்து வருகிறார்கள். மோசே பாளயத்துக்கு வெளியே வந்து அவர்களை எதிர்கொண்டு கோபிக்கிறார். பெண்களை ஏன் உயிரோடு விட்டீர்கள் என்பது அவர் கேள்வி. ஆண் குழந்தைகளையும் ஆணோடு உறவு கொண்ட பெண்களையும் கொன்றுவிட்டு, கன்னிப்பெண்களை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்கிறார். அவர் கோபித்துக்கொண்டது ஆயிரம் பேருக்குத் தலைவர்களிடமும் நூறு பேருக்குத் தலைவர்களிடமும். எத்திரோ போட்டுக்கொடுத்த அதே படிநிலை இப்போது படைக்கு உதவுகிறது.

அடுத்து வருவது கணக்கு. ஆடுகள் 6,75,000. மாடுகள் 72,000. கழுதைகள் 61,000. கழுதைகளுக்குப் பிறகு, பெண்கள் 32,000. பாதி போருக்குப் போனவர்களுக்கு, பாதி சபைக்கு. வீரர்கள் பங்கிலிருந்து ஐந்நூற்றுக்கு ஒன்று கர்த்தருக்கு என்று எடுத்ததில் 32 பெண்கள் சேர்கிறார்கள். அதிபதிகள் காணிக்கையாகக் கொண்டுவந்த வளையல், மோதிரம், காதணி எல்லாம் சேர்த்து 16,750 சேக்கல் பொன். தங்கள் பக்கத்தில் ஒருவன்கூடக் குறையவில்லை என்றும் எழுதியிருக்கிறது. இவ்வளவு நுணுக்கமாகக் கணக்கு வைத்தவர்கள், கொல்லப்பட்ட சிறுவர்கள் எத்தனை பேர் என்று எழுதவில்லை.

இதை நியாயப்படுத்த முயன்றவர்கள் குறைவில்லை. கடவுள் கட்டளை என்பது முதல் பதில். பழிவாங்கச் சொன்னது கர்த்தர் என்றுதான் அதிகாரம் தொடங்குகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் பிடிபட்ட சிறுவர்களையும் பெண்களையும் கொல்லும் உத்தரவு மோசேயின் வாயிலிருந்தே வருகிறது. கட்டளையின் நிழலில் மனிதர் எவ்வளவு தூரம் போகிறார்கள் என்பது தனியே கேட்க வேண்டிய கேள்வி.

இதெல்லாம் நடக்கவே இல்லை என்பது இன்னொரு பதில். அதில் விஷயம் இருக்கிறது. அடியோடு அழிக்கப்பட்ட மீதியானியர் நியாயாதிபதிகள் 6இல் கணக்கற்ற ஒட்டகங்களோடு வந்து இஸ்ரவேலரை ஏழு வருஷம் ஆட்டிவைக்கிறார்கள். கிதியோன் அவர்களுக்குப் பயந்து ஆலைக்குள் ஒளிந்து கோதுமை போரடிக்கிறான். இந்த அதிகாரமே பிற்காலத்து ஆசாரியர் மரபு எழுதியது என்று கருதும் அறிஞர்கள் பலர். சரி, நடக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் நடக்காத ஒரு படுகொலையைப் பெருமைக்குரிய நினைவாக ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். அதற்கும் பதில் வேண்டும். மீதியானியர் தங்கள் தரப்பை எழுதிவைத்துப் போகவில்லை. குராய்யாவின் வண்ணப் பானையோடுகளும், 1969இல் பேனோ ரோத்தன்பெர்க் திம்னாவில் தோண்டியெடுத்த, தலையில் பொன் பூசிய செம்புப் பாம்பும் அவர்களுடையவை என்று சொல்லப்படுகின்றன. இந்தச் சண்டையைப் பற்றி அவற்றிடம் கேட்க முடியாது.

காலத்தின் வழக்கம் என்பதுதான் அதிகம் சொல்லப்படும் பதில். தாமஸ் பெய்ன் தம் 'அறிவின் யுகம்' நூலின் இரண்டாம் பகுதியில் இந்த அதிகாரத்தைக் கடுமையாகத் தாக்கினார். லாண்டாஃப் பேராயர் ரிச்சர்ட் வாட்சன் 1796இல் அவருக்குப் பதில் எழுதியபோது, அந்தப் பெண்கள் காமத்துக்காக அல்ல, அடிமைத்தனத்துக்காகவே வைத்துக்கொள்ளப்பட்டார்கள் என்றார். அடிமை முறை அன்று எங்கும் இருந்தது என்றும் சொன்னார். ஆதரித்துப் பேச வந்தவர் இதைவிட மோசமாக எதிர்த்திருக்க முடியாது.

வழக்கம் என்ற வாதம் நிற்காததற்குக் காரணம் வேதாகமத்திலேயே இருக்கிறது. அமலேக்கியர்மேல் படையெடுக்கும் சவுல், எகிப்திலிருந்து வந்தபோது இஸ்ரவேலருக்குத் தயவு காட்டினவர்கள் என்று சொல்லி, கேனியரை முதலில் விலகிப்போகச் சொல்கிறான். நியாயாதிபதிகள் 1 மோசேயின் மாமனார் வழியினர் என்று சொல்வது இந்தக் கேனியரைத்தான். அந்தச் சண்டையும் சிசுக்களை விட்டுவைக்காத சண்டைதான். இருந்தும் உப்பிட்டவர்களைப் பிரித்துப் பார்க்கும் கண் அங்கே இருந்தது. பிதாக்களின் குற்றத்துக்காகப் பிள்ளைகளைக் கொல்லக் கூடாது என்று உபாகமம் 24இல் சட்டமும் இருக்கிறது. எது நியாயம் என்று அந்தச் சமூகத்துக்குத் தெரிந்துதான் இருந்தது.

யூத மரபின் பழைய உரைகாரர்களுக்கு இது உறுத்தியிருக்கிறது. பழிவாங்கச் சொன்னது மோசேயிடம், அவர் ஏன் பினெகாஸை அனுப்பினார் என்று எண்ணாகம ரப்பா கேட்கிறது. தண்ணீர் குடித்த கிணற்றில் கல்லெறியக் கூடாது என்ற வழக்கைக் காட்டி, மீதியானில் வாழ்வு பெற்றவர் என்பதால் அவர் நேரில் போகவில்லை என்று பதிலும் தருகிறது. மோசே எகிப்திலிருந்து ஓடிவந்து மீதியானில் முதலில் உட்கார்ந்தது ஒரு கிணற்றடியில்தான். அந்த உரை ஒரு நல்ல மனசிலிருந்து வந்தது, சந்தேகமில்லை. ஆனால் அது காப்பாற்றுவது மோசேயின் கையை மட்டும். அந்தக் கையையும் முழுதாகக் காப்பாற்றவில்லை: போருக்குப் போகாத மோசே, திரும்பி வந்த படையைப் பாளயத்துக்கு வெளியே வந்து சந்தித்தார். அந்தச் சிறுவர்கள் அதுவரை உயிரோடுதான் இருந்தார்கள்.