டெபாசிட்டைத் திருப்பிக் கேட்பது பேராசையா?



போன வருஷம் பிரிக்பீல்ட்ஸில் நாங்க நாலு பேர் தங்கியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்தோம். மாத வாடகை 1,200 ரிங்கிட். உள்ளே போகும்போதே, எல்லா இடத்திலும் கேட்கிற மாதிரி, இரண்டு மாத வாடகை டெபாசிட்டாகவும், தண்ணீர், மின்சாரத்துக்கு அரை மாத வாடகையும் கட்டினோம். மொத்தம் 3,000 ரிங்கிட். என் பங்கு 750. கிள்ளானில் இருக்கிற அம்மா ஒரு வளையலை அடகுக்கடையில் வைத்துக் கொடுத்த பணம் அது.

சாவியைக் கொடுத்து மூன்று மாதம் ஆகியும் ஒரு காசு வரவில்லை. "சுவருக்கு பெயிண்ட் அடிச்சேன், மிச்சம் ஒன்னும் இல்ல தம்பி" என்றார் வீட்டுக்காரர். ரசீது கேட்டோம், பதில் இல்லை. ஏஜண்டோ "வீடு பிடிச்சுக் கொடுத்ததோட என் வேலை முடிஞ்சது" என்றார். வீட்டுக்காரர் நம்ம ஆள்தான். கோயிலில் பார்த்தால் சிரிப்பார், படிப்பைப் பற்றி விசாரிப்பார்.

அம்மா சொன்னது இதுதான்: "விட்டுடுப்பா. அது அவங்களுக்கு ஒட்டாது. கடவுள் பார்த்துக்குவார்."

நான் விட்டுவிடத்தான் நினைத்தேன். ஆனால் ஒரு கேள்வி போகவில்லை. நான் விடுவது பெருந்தன்மையாலா, பயத்தாலா? கேட்கத் துணிவு இல்லாதவன் "நான் மன்னித்துவிட்டேன்" என்று சொல்வது உண்மையா? கேட்டு வாங்க முடிந்தவன் விட்டுக்கொடுத்தால் அது மன்னிப்பு. கேட்கவே பயந்தவன் சும்மா இருந்தால் அது வெறும் மௌனம். அதற்குப் பக்தி என்று பெயர் வைத்தேனோ என்று எனக்கே சந்தேகம் வந்தது.

அப்போதுதான் சமய வகுப்பில் படித்த சுந்தரர் வரலாறு ஞாபகம் வந்தது. அவருடைய திருமணத்தன்று ஒரு முதியவர் கையில் ஓலையோடு வந்து, "நீ எனக்கு அடிமை" என்று வழக்காடுகிறார். சுந்தரர் அந்த ஓலையைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். கிழிந்தது படிதான், மூல ஓலை முதியவரிடமே இருக்கிறது. திருவெண்ணெய்நல்லூர் சபையில் அதைக் காட்டுகிறார். சபையார் சுந்தரருடைய பாட்டனாரின் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, முதியவர் பக்கம் தீர்ப்புச் சொல்கிறார்கள். வந்தவர் சிவபெருமான்.

யோசித்துப் பாருங்கள். சர்வ வல்லமை உள்ளவர் மிரட்டவில்லை, பறிக்கவில்லை. பத்திரத்தோடு சபைக்கு வந்து தன் உரிமையைக் கேட்டார். அப்படி இருக்க, நாம் நியாயமாகக் கேட்பது எப்படி ஆன்மிகத்துக்கு விரோதமாகும்?

எங்களில் ஒருவன் வேறு வழி சொன்னான். "அடுத்த வீட்டில் கடைசி இரண்டு மாசம் வாடகை கட்டாம விட்டுடுவோம், டெபாசிட்ல கழிச்சுக்கட்டும்." நிறைய பேர் இதைச் செய்கிறார்கள். ஆனால் ஒருவர் செய்த தப்புக்கு இன்னொரு வீட்டுக்காரர் ஏன் பொறுப்பாக வேண்டும்? "இந்தியர்களுக்கு வாடகைக்கு இல்லை" என்ற விளம்பரம் நம் எல்லோருக்கும் வலிக்கிறது. சிலர் செய்ததற்கு இனத்தையே தள்ளி வைப்பது அநியாயம். அந்த அநியாயத்தை எதிர்க்கிற நாமே, முகம் தெரியாத ஒருவர் மீது நம் கோபத்தைத் தீர்த்துக்கொள்ளலாமா? இழப்பீடு வேறு, பழி வாங்குவது வேறு. இழப்பீட்டுக்கு ஓர் அளவு உண்டு. பழிக்கு அளவே கிடையாது.

அதனால் முதலில் எங்கள் பக்கத்தைக் கணக்குப் பார்த்தோம். அலமாரிக் கதவை உடைத்தது நாங்கள்தான். கடைசி மின்சார பில்லும் கட்டவில்லை. இரண்டும் சேர்த்து 180 ரிங்கிட். அதைக் கழித்து 2,820 ரிங்கிட் கேட்டுக் கடிதம் எழுதினோம். சும்மா குடியிருந்தாலே சுவர் கொஞ்சம் மங்கத்தான் செய்யும். அந்தத் தேய்மானத்துக்குத்தான் வாடகையே கொடுக்கிறோம்.

சட்டத்தையும் தேடிப் பார்த்தேன். 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997-இல் நீக்கப்பட்டது. குடியிருப்பு வாடகைக்கென்று தனிச் சட்டம் கொண்டுவரும் பேச்சு பல வருஷமாக நடக்கிறது. இங்கிலாந்தில் 2007 ஏப்ரல் முதல் டெபாசிட்டைப் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். இங்கே அது நேராக வீட்டுக்காரர் கைக்கே போகிறது. ஆனாலும் நாம் அநாதை இல்லை. 5,000 ரிங்கிட் வரையுள்ள தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்குப் போடலாம். வக்கீல் வேண்டாம், படிவம் 198-ஐ நாமே நிரப்பலாம். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வீட்டுக்காரர் பூட்டை மாற்றி நம்மை வெளியே தள்ளவும் முடியாது. ஏஜண்ட் தப்புச் செய்தால், அவர் பதிவு பெற்றவரா என்று பார்த்து, சொத்து முகவர்களைக் கண்காணிக்கும் வாரியத்தில் புகார் கொடுக்கலாம்.

கடிதத்துக்குப் பதில் வரவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவன் நான் என்பதால் ஜாலான் டூத்தாவுக்குப் போய் நானே படிவத்தைக் கொடுத்தேன். விசாரணை நாளன்று வீட்டுக்காரர் வெளியே நாற்காலியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மெதுவாகச் சொன்னார்: "தம்பி, அந்தப் பணத்தை வீட்டு லோனுக்குக் கட்டிட்டேன். இப்ப கையில இல்ல."

எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. டெபாசிட் என்பது வருமானம் இல்லை, அடைக்கலமாகக் கொடுத்த பொருள். அதை எடுத்துச் செலவு செய்தது தப்புதான். ஆனால் இல்லாதவரை நெருக்கி என்ன செய்வது? மூன்று தவணையாக, மாதம் 940 ரிங்கிட் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். கொடுத்து முடித்துவிட்டார். இரக்கம் காட்ட எனக்கு வாய்ப்பு வந்ததே நான் கேட்ட பிறகுதான். அந்த வீட்டுக்கு இப்போது வேறு மாணவர்கள் வந்திருக்கிறார்கள். நான் பேசாமல் இருந்திருந்தால் அடுத்து அவர்கள் பணமும் அப்படியே போயிருக்கலாம்.

வீடு எடுக்கப் போகும் நண்பர்களே, ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டுங்கள். முத்திரை இல்லாத பத்திரத்தை நீதிமன்றத்தில் சான்றாக ஏற்க மாட்டார்கள். உள்ளே போகும் நாளிலும் வெளியே வரும் நாளிலும் ஒவ்வோர் அறையையும் படம் எடுத்து வையுங்கள். ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். அதுதான் நம் மூல ஓலை.

அம்மாவின் வளையல் வீட்டுக்கு வந்துவிட்டது. வழக்குக்குப் பிறகு அந்த அங்கிள் கோயிலில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். போன வெள்ளிக்கிழமை நானே பக்கத்தில் போய், "நல்லா இருக்கீங்களா அங்கிள்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "படிப்பு எப்படிப் போகுது தம்பி?" என்றார்.