மொக்கு என்றொரு தீர்ப்பு

8ஆம் தரத்திலே எனக்கொரு மாணவன். நான்கு வரி வாசிக்கச் சொன்னால் எழுத்துக்களோடு மல்லாடித் தோற்றுப்போவான். சோம்பலென்று கருதி அவனைப் பலமுறை வாங்கின்மேல் ஏற்றி நிறுத்தியிருக்கிறேன். ஓரிரவு கோயில் வீதியிலே காத்தவராயன் கூத்து நடந்தது. அதிலே அவன் ஒரு பாட்டும் பிசகாமல் பாடி ஆடினான். அத்தனையும் அண்ணாவியார் சொல்லக் கேட்டே பாடமாக்கியவை. அன்று தலைகுனிந்து நின்றவன் நான்.

1896ஆம் ஆண்டில் பிரிங்கிள் மோர்கன் என்ற ஆங்கில வைத்தியர், 14 வயதுச் சிறுவனொருவனைப் பற்றிப் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார். கணக்கு அவனுக்கு வந்தது. எளிய சொற்களை வாசிக்க வரவில்லை. போதனை முழுவதும் வாய்மொழியாக அமையுமாயின் பள்ளியிலே இவனே மிகக் கெட்டிக்காரனாவான் என அவனது ஆசிரியர் கூறியதையும் மோர்கன் குறித்துள்ளார்.

இன்று இதனை டிஸ்லெக்சியா என்கிறோம். இது அறிவின் குறையன்று. எழுத்தையும் ஒலியையும் மூளை இணைக்கும் முறையிலுள்ள வேறுபாடு. மூளைகள் பலவிதமாயிருப்பதே மனித இயல்பு என்பது 1990களில் எழுந்த நரம்பியல் பன்மைக் கருத்து. கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் கேள்விக்கும் ஒன்று வகுத்தார். செவிவழி வந்த அறிவை இழிவென்று கொள்ள நமக்குக் கற்பித்தவர் யார்?

"எல்லோருக்கும் ஒரே வினாத்தாள், ஒரே நேரம். இதுவன்றோ சமத்துவம்?" என நண்பர்கள் கேட்பர். 1945இல் வந்த இலவசக் கல்வி பள்ளியின் வாயிலைத் திறந்தது. ஆனால், உள்ளே வந்த பிள்ளைகளை ஒரே கோலால் அளப்பது நீதியாகாது. பார்வை மங்கியவன் கண்ணாடி அணிவதை எவரும் சலுகை என்பதில்லையே!

இங்கும் வர்க்கம் தன் வேலையைச் செய்கிறது. வசதி படைத்த வீட்டுப் பிள்ளைக்கு நிபுணரின் அறிக்கையும் தனிப் பயிற்சியும் கிடைக்கின்றன. அதே நிலையிலுள்ள ஏழைப் பிள்ளைக்குக் கிடைப்பது 'மொக்கு' என்ற பட்டம். அதனை வழங்குபவர்கள் பெரும்பாலும் நாமே.

வகுப்பின் முன்னே உரத்து வாசிக்கும்படி வற்புறுத்தாதிருத்தல், வினாவை வாசித்துக் காட்டல், விடையை வாய்மொழியாகவும் ஏற்றல், சற்று மேலதிக நேரம் அளித்தல் ஆகியவற்றுக்குப் பெரும்பணம் வேண்டியதில்லை. நாற்பது பிள்ளைகள் நிறைந்த வகுப்பிலே இவை எளிதல்ல என்பதை அறிவேன். சிறிய வகுப்புகளும் பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் வேண்டுமென்று நாம் போராடவேண்டும். ஆயினும் அவை வரும்வரை ஒரு பிள்ளையின் பருவம் காத்திராது.

அவனை இப்போது நான் வாங்கில் ஏற்றுவதில்லை. பாடத்தை முதலில் நான் வாசிக்கிறேன்; அவன் கேட்கிறான். பின்பு நான் கேட்கும் வினாக்களுக்கு முதலில் உயர்வது பெரும்பாலும் அவன் கைதான்.