பேச்சு வராத பிள்ளையும் நம் பொறுமையும்

இரண்டு வயதாகியும் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லையென்றால் அந்த வீட்டில் என்னென்ன நடக்கும் என்பதை நம் சகோதரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வருகிறவர் போகிறவர் எல்லாம் "இன்னும் பேசவில்லையா?" என்று கேட்பர். அடுத்த வீட்டுப் பிள்ளை ஒன்றரை வயதில் ஸலாம் சொன்ன கதை வரும். தாய்வழிக் குடும்பத்தில் யாருக்குத் திக்குவாய் என்ற ஆராய்ச்சி நடக்கும். (தகப்பன் வழியில் அந்த ஆராய்ச்சி நடந்து நாம் பார்த்ததில்லை.) கடைசியில் பெரியவர் ஒருவர், "இவன் வாப்பாவும் மூன்று வயதில்தான் வாய் திறந்தான், பொறுமையாக இருங்கள், அல்லாஹ் தருவான்" என்று முடித்து வைப்பார். அதற்கு மேல் கேட்டால் ஈமானில் குறை வந்துவிடுமோ என்று பெற்றோரும் அடங்கிவிடுவர்.

காத்திருப்பதெல்லாம் பொறுமையாகுமா என்பதே நம் கேள்வி.

பெரியவர் சொல்வது பொய்யன்று. தாமதித்துப் பேசும் பிள்ளைகளில் பலர் தாமாகவே மற்றவரை எட்டிப் பிடித்துவிடுகின்றனர். மருத்துவர்களும் இதை ஒப்புக்கொள்கின்றனர். ஆனால் எல்லாரும் அல்லர். நம் பிள்ளை எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்பது பெரியவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

நாம் வியாபாரிகள், தெரிந்த வழியில் கணக்குப் பார்ப்போம். பரிசோதனைக்குப் போய் ஒன்றுமில்லையென்று சொல்லிவிட்டால் நஷ்டம் அரை நாள் கடையடைப்பு, கொஞ்சம் வெள்ளி, கொஞ்சம் வெட்கம். போகாமலிருந்து, காது மந்தமென்று நான்கு வயதில் தெரியவந்தால் அந்த நஷ்டம் யார் கணக்கில் எழுதப்படும்? பேச்சு எளிதில் படியும் முதல் ஆண்டுகள் பிள்ளையின் முதல். அதை நாம் செலவழித்துவிட்டுப் பொறுமைசாலி என்ற பெயரையும் நாமே எடுத்துக்கொள்கிறோம். தன் பொருளை இழந்து சகிப்பவனைப் பொறுமையாளன் என்கிறோம். தன்னிடம் வைத்த அமானிதத்தைக் கெடவிட்டுச் சகிப்பவனை அப்படிச் சொல்வதில்லையே!

துஆவும் முயற்சியும் ஒன்றுக்கொன்று பகையா என்ன? மூஸா நபி (அலை) அவர்கள் தம் நாவின் முடிச்சை அவிழ்க்கும்படி இறைவனிடம் இறைஞ்சினார்கள். அதோடு நிற்காமல், சகோதரர் ஹாரூனைத் துணையாகத் தரும்படியும் கேட்டார்கள்.

நிற்க. "காது நன்றாகக் கேட்கிறது, தட்டு விழுந்தால் திரும்புகிறான்" என்பார்கள். தட்டு விழும் ஓசை வேறு, சொல்லின் ஓசை வேறு. அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைக்குச் செவிப்பறையின் பின்னால் நீர் தங்குவதுண்டு. அப்போது பெரிய சத்தம் கேட்கும். பேச்சிலுள்ள மெல்லிய ஓசைகள் மங்கிவிடும். இதைச் சமையலறையில் தட்டைப் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது.

வசம்பைச் சுட்டு உரைத்து நாவில் தடவுகிறார்கள். நம் கடையிலும் வசம்பு உண்டு. விற்றால் நமக்கு லாபமே. ஆயினும் சொல்கிறோம்: அது காதைத் திறப்பதில்லை, பச்சிளம் பிள்ளைக்குக் கேடும் செய்யலாம். ஒரு வயதுக்குள் தேன் தொட்டு வைப்பதும் ஆகாதென்றே டாக்டர்கள் எச்சரிக்கின்றனர்.

இன்னொரு பிழையும் நம் நாட்டில் பரவியிருக்கிறது. வீட்டில் தமிழ், வெளியில் மலாய், பாலர் பள்ளியில் ஆங்கிலம். பிள்ளை குழம்பிவிட்டது, ஆகவே தமிழை நிறுத்துங்கள் என்கிறார்கள். இரண்டு மூன்று மொழி கேட்பதால் பேச்சுத் தாமதக் கோளாறு வருவதில்லை. பிள்ளை 'பால்' என்றாலும் 'சூசு' என்றாலும் சொல்தான். எல்லா மொழியிலும் உள்ள சொற்களைச் சேர்த்தே எண்ண வேண்டும். தமிழை நிறுத்தினால் வீட்டிலிருக்கும் நன்னி ஊமையாகிறாள். பிள்ளையோடு நாளெல்லாம் பேசக்கூடியவள் அவள் ஒருத்திதான்.

மலேசியாவின் அரசாங்க சுகாதாரக் கிளினிக்குகளில், பிள்ளைக்கு 18 மாதமாகும்போது பெற்றோரிடம் ஒரு கேள்வித்தாள் தருகிறார்கள். விரலால் சுட்டிக் காட்டுகிறானா, பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறானா, ஒரு பொருளைக் கொண்டுவந்து நமக்குக் காட்டுகிறானா என்பன போன்ற கேள்விகள். பேச்சு வருமுன் வரவேண்டியவை இவை. மானத்துக்கு அஞ்சி எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்று போட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு. தராசுத் தட்டில் விரலை வைத்து அழுத்துகிற கடைக்காரனை நாம் என்ன சொல்வோம்? இங்கே எடை குறைவது சொந்தப் பிள்ளைக்கு. இரண்டு வயதில் 'பால் வேணும்' என்பதுபோல் இரண்டு சொல் சேர்த்துச் சொல்லாவிட்டால் காட்டிவிட வேண்டும். வந்த சொற்கள் மறைந்துபோனால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

பரிசோதனைக்கு முறை வர மாதங்கள் ஆகலாம். அதுவரை சில வீடுகளில் பிள்ளைக்குக் காலையிலிருந்து இரவு வரை பரீட்சைதான்: "உம்மா சொல்லு, வாப்பா சொல்லு." களைத்துப்போனால் கையில் கைப்பேசியைக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டு வயதாகாத பிள்ளைக்குத் திரையே வேண்டாமென்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லிவிட்டது. வாழைப்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு "சொன்னால்தான் தருவேன்" என்கிறவர்களும் இருக்கிறார்கள். காசு வைத்தால்தான் சாமான் என்பது கடைக்குச் சரி. பிள்ளை பழத்தைக் கைகாட்டினால் அதுவே அவன் பேச்சு. "வாழைப்பழம் வேணுமா? வாப்பா உரிச்சுத் தாரேன்" என்று நாம் பதில் சொல்லலாம். அவன் வாய் திறக்காவிட்டாலும் பழத்தைக் கொடுத்துவிட வேண்டும்.