செருப்புப் பணமும் பள்ளிக்கூடமும்



பள்ளிக்கூடத்துக்கு ஒரு கம்பெனி பெஞ்சு வாங்கிக் கொடுக்க முன்வந்தால் வாங்கலாமா, வேண்டாம் என்று சொல்ல வேண்டுமா? இக்கேள்வியைச் சென்ற மாதம் ஒரு தாய் என்னிடம் கேட்டார். அன்று அவருக்குத் தக்க பதில் சொல்ல என்னால் இயலவில்லை. பிறகு யோசித்ததை உங்கள் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் கடற்கரையிலுள்ள ஒரு பள்ளியில் கட்டுரைப் போட்டி நடந்தது. பரிசுகளைக் கொடுத்தது ஒரு தொழிற்சாலை. அதற்கு முந்தின வருடம் அப்பள்ளிக்குப் பெஞ்சுகளும் குடிதண்ணீர்த் தொட்டியும் கொடுத்ததும் அதே தொழிற்சாலைதான். தொழில் வளர்ச்சியால் ஊருக்கு உண்டாகும் நன்மை என்பது தலைப்பு. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், வல்லத்தில் கடலுக்குப் போகிறவரின் மகன், அழகாக எழுதியிருந்தான். நடுவில் இரண்டே இரண்டு வரி: முன்பு கரையோரத்தில் கிடைத்த மீனுக்கு இப்போது தன் அப்பா வெகு தூரம் போக வேண்டியிருக்கிறது என்றும், அதன் காரணத்தைப் பெரியவர்கள் விசாரித்துச் சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருந்தான்.

வாத்தியார் சிவப்புப் பென்சிலால் அந்த இரண்டு வரியையும் அடித்துவிட்டு, “இது வேண்டாம் தம்பி” என்றார். அவர் நல்லவர், பிள்ளைகளுக்காக உழைப்பவர். தொழிற்சாலையிலிருந்து யாரும் வந்து அவரை அடிக்கச் சொல்லவில்லை. பரிசுக் கமிட்டியில் நானும் ஒருவன். அதைக் கண்டேன், வாய் திறக்கவில்லை. அந்தப் பையனுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. இரண்டு வரி போனது எங்கள் மூவருக்கு மட்டும் தெரியும்.

பணம் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தால் என்ன செய்யும் என்பதை அன்றுதான் நான் கண்டேன். அது அதட்டுவதில்லை, மிரட்டுவதில்லை. சும்மா ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும். பேச வேண்டியவர்கள் தாங்களாகவே பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். இதற்கு நன்றி என்று பெயரும் வைத்துக்கொள்வார்கள்.

இது இன்று நேற்று வந்த காரியமல்ல. இதே கரையில் 1542-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அர்ச். சவேரியார் வந்து இறங்கினார். அக்காலத்தில் பரதவர் மூச்சை அடக்கிக் கடலடியில் இறங்கி எடுத்த முத்துக்கு வரி உண்டு. போர்த்துக்கல் தேசத்தார் வாங்கிய அந்த வரியில் ஆண்டுக்கு 4,000 பணம் அவர்களுடைய அரசியாரின் செருப்புச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. அதன் பெயரே செருப்புப் பணம். சவேரியார் கத்தரீனா அரசியாரிடம் அந்தத் தொகையைக் கேட்டு வாங்கி, ஊர் ஊராகப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்த கணக்கப்பிள்ளைமாருக்குச் சம்பளமாக்கினார்.

இதைக் கேட்கும்போது அரசியாரின் தாராள குணத்தை மெச்சத் தோன்றும். மெச்சுவதில் தவறில்லை. ஆனால் அந்தப் பணம் முதலில் யாருடையது? மூச்சடக்கி முங்கியவனுடையது. அவன் பிள்ளை படித்தது அவன் தகப்பன் சம்பாத்தியத்தில். அது லிஸ்பன் வரை போய்ச் சுற்றி வந்தது, அவ்வளவுதான். சவேரியார் அரசியாருக்கு நன்றியுள்ளவராகவே இருந்தார். அதற்காக இக்கரையில் அக்கிரமம் செய்த போர்த்துக்கீசிய அதிகாரியைக் கண்டிக்காமல் விடவில்லை. 1544-இல் அவர் எழுதிய கடிதங்களில் அந்தக் கண்டனம் இன்றும் இருக்கிறது. பணத்தை வாங்கினார், வாயை விற்கவில்லை. நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய நூல் இதுதான்.

கொடை எல்லாம் ஒரே மாதிரியல்ல என்பதற்கு நம் துறைமுகமே இன்னொரு சாட்சி. 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் அதுவரை கப்பல் விட்டுக்கொண்டிருந்த வெள்ளைக்காரக் கம்பெனி முதலில் கட்டணத்தைக் குறைத்தது. பின்பு காசே வேண்டாம், சும்மா வாருங்கள் என்றது. ஏறுகிறவர்களுக்கு ஒரு குடையும் இனாமாகக் கொடுத்தது என்று நம் பெரியவர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். 1908-இல் பிள்ளை அவர்கள் சிறைக்குப் போனார். சுதேசிக் கம்பெனியும் நொடித்தது. அதன் பிறகு குடை கொடுக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை. குடையை வாங்கிக்கொண்ட ஏழைப் பிரயாணியைக் குற்றம் சொல்ல நான் துணியமாட்டேன். ஆனாலும் அந்தக் குடைக்கு விலை இருந்தது. அதைப் பின்னால் ஊரே கொடுத்தது.

இக்காலத்துக்கு வருவோம். கம்பெனிகள் பள்ளிகளுக்குக் கொடுப்பது இன்று பெரும்பாலும் வெறும் தயவினால் அல்ல. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட பெரிய கம்பெனிகள், முந்தின 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். இது 2014 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. கல்வியும் அந்தப் பணிகளில் ஒன்று. தொழில் நடக்கும் இடத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஆகவே, ஒரு பெஞ்சின் முதுகில் கம்பெனியின் பெயர் எழுதியிருந்தால், அது கடமையைச் செய்ததற்கான ரசீது. அதற்காகப் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்திக் கைதட்ட வைக்க வேண்டியதில்லை.

நம் ஊரின் தாமிர ஆலை விஷயம் உங்களுக்கெல்லாம் தெரிந்ததே. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த ஆலைக்கு 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. சுற்றுப்புறத்தைக் கெடுத்ததற்காக அவ்வளவு விதித்தும், ஆலையை மூடச் சொல்லவில்லை. தேசத்துக்குத் தாமிரம் வேண்டும், பலருக்கு வேலை இருக்கிறது, அரசாங்கத்துக்கு வருமானம் வருகிறது என்பவற்றையும் அது எண்ணிப் பார்த்தது. 2018 மே 22 அன்று, போராட்டத்தின் நூறாவது நாளிலும், அதற்கு மறுநாளும் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் மாண்டார்கள். அடுத்த வாரமே அரசு ஆலையை மூட உத்தரவிட்டது. 2020-இல் உயர் நீதிமன்றமும், 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அந்த மூடலை மாற்ற மறுத்தன.

அந்த ஆலையில் வேலை பார்த்த வீடுகளும், லாரி ஓட்டிய வீடுகளும் நம் பங்கில் உண்டு. மூச்சுத் திணறலோடு இருந்த வீடுகளும், பிள்ளையைப் புதைத்த வீடுகளும் நம் ஊரில் உண்டு. எந்த வீட்டாரையும் நான் இங்கே குறை கூறவில்லை. நான் கேட்பது ஒன்றே. அத்தனை ஆண்டுகளாக நம் வகுப்பறைகளில் இதை எத்தனை தடவை நேர்மையாகப் பேசினோம்? தாமிரம் எதற்கு வேண்டும், புகையில் என்ன இருக்கிறது, வேலையையும் மூச்சையும் எந்தத் தராசில் வைத்து நிறுப்பது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தோமா? விஞ்ஞானப் பாடத்தில் கந்தக டை-ஆக்சைடு என்று எழுதி மார்க் வாங்கிய பிள்ளைக்கு, அது தன் தெருக் காற்றோடு சம்பந்தப்பட்டது என்று நாம் சொன்னோமா? சொல்லியிருந்தால், ஆலை வேண்டும் என்பவரும் வேண்டாம் என்பவரும் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டிருப்பார்கள். வகுப்பறையில் பேச விடாத பேச்சு ஒருநாள் தெருவுக்கு வந்துவிடுகிறது.

அப்படியானால் ஏழைப் பள்ளிக்கூடம் எப்படி நடப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1950-களின் பிற்பகுதியில், காமராசர் ஆட்சியில், நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் கல்வித் துறையை நடத்திய காலத்தில், ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. நிலம் உள்ளவர் நிலம் கொடுத்தார். தச்சர் பெஞ்சு செய்தார். ஒருவர் கடிகாரம், ஒருவர் கரும்பலகை. பத்து ரூபாய் கொடுத்தவரும் உண்டு. நூறு கைகள் சேர்ந்து கொடுத்தபடியால், எந்த ஒரு கையும் வாத்தியாரின் வாயைப் பொத்த முடியவில்லை.

எனவே, அந்தத் தாய்க்கு நான் இப்போது சொல்லும் பதில் இது: அம்மா, பெஞ்சை வாங்கலாம். வாங்குமுன் மூன்று காரியம் பாருங்கள். முதலாவது, அந்தப் பணமும் அதன் கணக்கும் பெற்றோர் கூட்டத்தில் வெளிப்படையாக வாசிக்கப்பட வேண்டும். இரண்டாவது, பாடத்திலோ கட்டுரைத் தலைப்பிலோ மேடைப் பேச்சிலோ கொடுத்தவருக்கு எந்தப் பங்கும் இருக்கக்கூடாது. மூன்றாவது, நாளைக்கே அந்தக் கம்பெனியின் பேரில் ஒரு நியாயமான கேள்வி எழுந்தால், அந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே நம் பிள்ளை அதைக் கேட்க முடிய வேண்டும். மூன்றாவதற்கு மட்டும் உங்கள் மனசாட்சி தயங்கினால், பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து படிக்கட்டும். நம்மில் பலர் அப்படிப் படித்தவர்கள்தாம்.

இந்த வாரம் வீட்டில் ஜெபம் முடிந்த பிறகு உங்கள் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: பள்ளிக்கூடத்தில் எதைப் பற்றிப் பேசப் பயமாயிருக்கிறது? சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலில் நம்முடைய மௌனமும் கொஞ்சம் இருக்கும். என்னுடையதும் இருக்கிறது. அந்தப் பையன் இப்போது வளர்ந்து வாலிபனாகி அப்பாவோடு கடலுக்குப் போகிறான். சென்ற வாரம் அவனைக் கடற்கரையில் கண்டு, அடித்த இரண்டு வரியைப் பற்றிச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். “எனக்கு ஞாபகம் இருக்கு ஐயா” என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

நம் பிள்ளைகளின் ஞாபகத்தில் நாம் எதை எழுதுகிறோம், எதை அடிக்கிறோம் என்பதை எல்லோரும் சிந்திப்போமாக.